மடக்குக் கூடாரத்திலிருந்து கேரவனுக்கு: எதை முதலில் வாங்குவது, எதை விட்டுவிடுவது

எங்கள் மடக்குக் கூடார ட்ரெயிலரைக் கடைசியாக இழுத்துக்கொண்டு போனது கற்பிட்டிக்கு. நடு இரவில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த துணிச் சுவரில் கை பட்ட இடமெல்லாம் கசிந்தது. விடியும்போது நாங்கள் நான்கு பேரும் மெத்தையின் நடுவில் கோழிக்குஞ்சுகள் மாதிரி ஒடுங்கிக் கிடந்தோம். மனைவி எழும்பி, ஈரத் தலையணையைத் தென்னையில் சாய்த்துவிட்டு ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: "இனிச் சுவர் இருக்கிறதாப் பாருங்கோ."

சுவர் இருக்கிறது வந்தது, வாகனத்தின் பின்னால் இழுத்துப்போகிற கேரவன். பதினான்கு அடி நீளம், இரண்டு சில்லு, பழையதுதான். அதற்குப் பிறகுதான் என் சனிக்கிழமைகள், கொழும்பில் வாகனச் சாமானும் இரும்புச் சாமானும் விற்கும் பஞ்சிகாவத்தையிலும் பழைய சோனகத் தெருவிலும் கரையத் தொடங்கின. வெளிநாட்டுப் பட்டியல்களைப் பார்த்து வாங்கிய சாமான்களில் பாதி இன்னும் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. அவர்கள் ஊரில் கேரவன் நிறுத்தவென்றே இடம் இருக்கிறது. தண்ணீர்க் குழாய், மின் பிளக், கழிவு ஊற்றும் குழி எல்லாம் பக்கத்திலேயே. நாம் நிறுத்துவது யாரோ ஒரு சொந்தக்காரரின் வளவில், இல்லாவிட்டால் விருந்தினர் விடுதி ஒன்றின் பின்பக்கத்தில். ஆகவே சாமான் கணக்கும் வேறு.

நான் தாமதமாகக் கற்றதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசை முதலில் போட வேண்டிய இடம் கேரவனுக்கு உள்ளே இல்லை. வாகனத்துக்கும் கேரவனுக்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு முழ இடத்தில்தான். பிரிட்ஜும் திரைச்சீலையும் அடுத்த வருடம் வரலாம்.

முதலில் எடை

மடக்குக் கூடாரத்தை இழுக்கும்போது பின்னால் ஒன்று வருகிறது என்பதே மறந்துபோகும். எங்களுடையது சாமானோடு சேர்த்து 600 கிலோவுக்குள். கேரவன் வெறுமையாகவே 980 கிலோ. அதில் 80 லீற்றர் தண்ணீர் என்றால் 80 கிலோ. பற்றரி, காஸ் சிலிண்டர், மெத்தை, உடுப்பு, அரிசி, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஏறியதும் 1,250 கிலோவைத் தொட்டது. விற்பவர் சொல்லும் எடை எப்போதும் வெறும் எடைதான். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

உங்கள் வாகனத்தின் கையேட்டைத் திறந்து இழுவை எடை உள்ள பக்கத்தைப் பாருங்கள். இரண்டு எண் இருக்கும்: பிரேக் உள்ள ட்ரெயிலருக்கு ஒன்று, பிரேக் இல்லாததற்கு ஒன்று. பல டபிள் கெப்களில் பிரேக் இல்லாததற்கு 750 கிலோதான் எல்லை. மடக்குக் கூடாரம் அந்த எல்லைக்குள் தப்பியிருக்கும், கேரவன் தப்பாது. அதாவது பிரேக் இல்லாத கேரவன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். காசு கட்டுவதற்கு முன்னரே, உங்கள் சாரதி அனுமதிப்பத்திரம் எந்த எடை ட்ரெயிலர் வரை இடம் கொடுக்கிறது, இந்த ட்ரெயிலரின் பதிவு சரியாக இருக்கிறதா என்ற இரண்டையும் நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். ஒரு நாள் லீவு போனாலும் பரவாயில்லை.

அடுத்தது, சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு லொறிகள் நிறுக்கும் தராசுக்கு ஒரு தடவை போங்கள். வாகனத்தோடு சேர்த்து ஒரு தடவை, கேரவனைக் கழற்றித் தனியாக ஒரு தடவை. தராசுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

மொத்த எடையை விட முக்கியமானது மூக்கு எடை. கேரவனின் முன் நுனி உங்கள் வாகனத்தின் பின்பக்கத்தை எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் அது. அமெரிக்க வகைக் கேரவனுக்கு மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் என்பார்கள். ஐரோப்பிய வகைக்கு 5 முதல் 7 வீதம். எந்த வகையானாலும் வாகனத்தின் கையேடும் கொளுக்கியில் பொறித்திருக்கும் எண்ணும் சொல்லும் எல்லையைத் தாண்டக் கூடாது. இதை நிறுக்கத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. குளியலறைத் தராசு ஒன்றைத் தரையில் வைத்து, அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கேரவன் மட்டமாக நிற்கும் உயரத்தில் முன் நுனியைக் கட்டையின் மேல் இறக்குங்கள். சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டுத்தான். தராசு தாங்காத அளவு கனம் என்றால் ஒரு தடித்த பலகை எடுங்கள். ஒரு முனை செங்கல்லின் மேல், மறு முனை தராசின் மேல். செங்கல்லிலிருந்து ஒரு அடி, தராசிலிருந்து இரண்டு அடி தள்ளி நுனியை இறக்கினால், தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் சரி. பெருக்கும் முன், பலகை மட்டும் இருக்கும்போது தராசு காட்டியதைக் கழித்துவிடுங்கள்.

இதைச் செய்யாமல் நான் ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பினேன். போகும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. வரும்போது மாமி கட்டித் தந்தது இரண்டு மூட்டை அரிசி, ஒரு பெட்டி கருத்தக்கொழும்பான் மாம்பழம், பனங்கட்டி, ஒடியல், அதோடு பழைய ஆட்டுக்கல் ஒன்று. எல்லாவற்றையும் பின்பக்கக் கட்டிலின் கீழ் தள்ளினேன், இடம் அங்கேதான் இருந்தது. சோளகக் காற்று வீசுகிற காலம். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரிப் பக்கம் இரு புறமும் வெட்டவெளி. எதிரே ஒரு பஸ் வேகமாகக் கடந்துபோனது. அது தள்ளிய காற்றில் கேரவன் முதலில் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது, பிறகு வலப்பக்கம், அதற்குப் பிறகு நாயின் வால் மாதிரி ஆடத் தொடங்கியது. எங்கள் கெப்பின் பின் சில்லுகளை யாரோ பிடித்து உலுப்புவதுபோல் இருந்தது. பின் சீட்டில் பிள்ளைகளின் சத்தம் நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மூன்றுதான். அக்சிலரேற்றரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்தைத் துரத்தித் திருப்பாதீர்கள். வாகனத்தின் பிரேக்கை அழுத்தாதீர்கள். மின் பிரேக் உள்ள கேரவன் என்றால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கைநெம்பைத் தள்ளி, கேரவனின் பிரேக்கை மட்டும் பிடிக்கலாம். பின்னால் இழுபட்டு நேராகிவிடும். வேகத்தைக் கூட்டினால் ஆட்டம் நிற்கும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

ஓரமாக நிறுத்தி, ஆட்டுக்கல்லையும் அரிசியையும் அச்சுக்கு நேர் மேலே தரையில் வைத்தேன். பிறகு கொழும்பு வரை ஒரு ஆட்டமும் இல்லை. கனமானது அச்சுக்கு மேலே, தரையோடு. இலேசானது மேல் அலுமாரியில். பின் கோடியில் தலையணை மட்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அந்த இரண்டு முழம்

கொளுவும் உருண்டையை, அதுதான் எல்லாரும் டோ போல் என்கிறார்களே, அதை முதலில் அளந்து பாருங்கள். ஐரோப்பிய, அவுஸ்திரேலியக் கணக்கில் 50 மி.மீ.; அமெரிக்கச் சிறிய ட்ரெயிலர்களுக்கு 47.6 மி.மீ. உருண்டையும் வரும், பெரியவற்றுக்கு 50.8 மி.மீ. மடக்குக் கூடாரம் 47.6 உருண்டையில் ஓடிக்கொண்டிருந்திருந்தால் ஆபத்து அங்கேதான். கேரவனின் 50 மி.மீ. வாய் அதன் மேல் இறங்கும், நெம்பும் பூட்டிக்கொள்ளும், கையால் ஆட்டினாலும் பிடித்திருப்பதுபோல்தான் இருக்கும். ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது கழன்றுவிடும். அளவு உருண்டையின் தலையிலோ கழுத்திலோ பொறித்திருக்கும். துருப்பிடித்து எழுத்து அழிந்திருந்தால் வெர்னியரால் அளந்துவிடுங்கள்.

பூட்டிய பிறகு ஒரு சோதனை: முன் நுனியைத் தாங்கும் சின்னச் சில்லான ஜொக்கி வீலின் கைபிடியைச் சுற்றிக் கேரவனின் மூக்கை மேலே தூக்குங்கள். கெப்பின் பின்பக்கமும் சேர்ந்து உயர்ந்தால் பூட்டு பிடித்திருக்கிறது. கேரவன் மட்டும் உயர்ந்தால் பிடிக்கவில்லை. இதை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள், தேநீர் குடிக்க நிறுத்தி யாராவது பிள்ளைகள் விளையாடிய பிறகும்கூட.

பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொளுக்கிக்குக் கீழே குறுக்காக, கத்தரிக்கோல் மாதிரிப் போடுங்கள். கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும். வளையும்போது இழுபடாத அளவு நீளம் விடுங்கள், ஆனால் வீதியில் உரசக் கூடாது.

இனிப் பிரேக். இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, வாகனம் வேகம் குறைக்கும்போது கேரவன் முன்னுக்குத் தள்ளுவதால் தானாகப் பிடிக்கும் தள்ளு பிரேக். இதற்கு வயர் வேண்டாம், கெப்பில் எதுவும் பூட்ட வேண்டாம். மற்றது மின் பிரேக். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி பூட்ட வேண்டும். தட்டை வீதிக்கு இரண்டும் நல்லது. மலைக்கு நான் மின் பிரேக்கைத்தான் சொல்வேன். கடுகண்ணாவையிலோ றம்பொடையிலோ இறங்கும்போது கேரவன் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே தள்ளு பிரேக்கும் விடாமல் பிடித்துக்கொண்டே வந்து சூடேறும். எந்த வகையானாலும் இறக்கம் தொடங்கும் முன்னரே கியரைக் குறையுங்கள், பாதி வழியில் அல்ல. கருகிய மணம் வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள். சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இதோடு ஒரு மெல்லிய கம்பிக் கயிறு வரும். கேரவன் முழுதாகக் கழன்று போனால் அது இழுபட்டுப் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். மின் பிரேக்கில் அந்தக் கயிறு ஒரு ஊசியை இழுக்க, கேரவனில் உள்ள பற்றரி பிரேக்கை இயக்கும். என் கேரவனில் முன்னைய சொந்தக்காரர் அதைச் சங்கிலியோடு சேர்த்தே கொளுவி வைத்திருந்தார். கொளுக்கியோடு சங்கிலியும் பிய்ந்தால் கயிறும் கூடவே போய்விடும், அப்புறம் எதற்கு அது? வாகனத்தின் உடலில் தனி வளையம் ஒன்று வெல்டிங் செய்து அதில் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை ஊசியை இழுத்துப் பார்த்து, கேரவன் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

வயர்தான் தலையிடி. சிறிய மடக்குக் கூடாரத்துக்கு நான்கு கம்பி போதும்: பார்க் லைற், இடது, வலது, எர்த். கேரவனுக்கு ஏழு, சிலவற்றுக்கு பதின்மூன்று. அமெரிக்க ஏழும் ஐரோப்பிய ஏழும் ஒன்றல்ல, பிளக்கின் உருவமும் வேறு, எந்தக் காலில் என்ன வருகிறது என்பதும் வேறு. நிறத்தை நம்பி இணைத்த ஒரு கராஜ்காரர் எனக்குத் தந்தது, இடப்பக்கம் சிக்னல் போட்டால் பிரேக் பிடிக்கிற கேரவன். ஒரு சோதனை பல்ப்பை வாங்கி, ஒவ்வொரு காலாகத் தொட்டு, ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளைக் கேரவன் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். பாதி நாள் வேலைதான்.

எடைப் பங்கீட்டுக் கொளுக்கி என்று பெரிய விலைக்கு ஒன்று சொல்வார்கள். இரண்டு தடித்த உருக்குக் கம்பிகள் மூக்கு எடையின் ஒரு பகுதியை வாகனத்தின் முன் சில்லுகளுக்குத் திருப்பும். நீளமான, மூக்குக் கனமான அமெரிக்க வகைக் கேரவனைக் கொளுவியதும் கெப்பின் பின்பக்கம் அமுங்கி முன் விளக்கு வானத்தைப் பார்த்தால் அது தேவை. பதினான்கு அடிக் கேரவனுக்கு உராய்வால் ஆட்டத்தைத் தடுக்கும் சிறிய கருவி போதும். ஆட்டுக்கல்லைப் பின்னால் வைத்துவிட்டு இவற்றை வாங்கிப் பயனில்லை.

கண்ணாடி, உயரம், டயர்

மடித்த கூடாரத்துக்கு மேலால் பின்னால் வரும் வாகனம் தெரியும். கேரவன் ஒரு சுவர். இரு பக்கமும் நீட்டிக் கண்ணாடி பூட்டாமல் கொழும்பு–காலி வீதியில் ஏறாதீர்கள். உங்கள் வால் பக்கத்தில் மூன்று ஆட்டோ நிற்கும், ஒன்றும் தெரியாது.

உயரத்தை அளந்து, டாஷ்போர்டில் ஒட்டுங்கள். மடித்த கூடாரம் இடுப்பளவு, மிஞ்சினால் நெஞ்சளவு. கேரவன் 2.6 மீற்றர், கூரையில் காற்றுத் துவாரம் இருந்தால் இன்னும் ஒரு சாண். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் தொலைபேசி வயர் எந்த உயரத்தில் தொங்குகிறது என்று அதுவரை நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. மாமரக் கிளை, கோயில் திருவிழாவுக்குக் கட்டிய வளைவு, பெட்ரோல் நிலையத்தின் கூரை எல்லாமே இனி உங்கள் கணக்கில் வரும்.

டயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதிகம் ஓடாமல் நின்ற கேரவனின் டயர், வீதியில் படும் பக்கத்து வரிப் பூ தேயாமல், புதிது மாதிரித்தான் இருக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஐந்து ஆறு வருடம் தாண்டியிருந்தால் பூ எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். சுமை எண்ணும் கேரவனின் முழு எடைக்குப் போதுமாக இருக்க வேண்டும். கெப்பின் ஜக் கேரவனின் அச்சுக்கு எட்டுமா, சில்லு ஸ்பேனர் அதன் நட்டுக்குப் பொருந்துமா என்று வீட்டு வாசலிலேயே ஒரு முறை ஸ்பெயார் டயரை மாற்றிப் பார்த்துவிடுங்கள். சில்லு கழற்றிப் பூட்டினால் முதல் 50, 100 கிலோமீற்றரில் நட்டை மறுபடி இறுக்க வேண்டும். வழியில் நிறுத்தும்போதெல்லாம் சில்லின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் பெயரிங்கோ பிரேக்கோ பிழை.

நிறுத்திய பிறகு

இதற்கு வேண்டியது: சில்லுக்கு நான்கு கட்டை, ஒரு ரசமட்டம், அரை அடி அகலப் பலகைத் துண்டு ஏழெட்டு. பிளாஸ்டிக் ஏற்றப் படிகள் விற்கிறார்கள், அழகாக இருக்கும். மரக்காலையில் கிடைக்கும் துண்டுப் பலகையும் அதையேதான் செய்யும்.

ஒழுங்கு முக்கியம். முதலில் பக்கவாட்டு மட்டம்: தாழ்ந்த பக்கச் சில்லைப் பலகையில் ஏற்றுங்கள். பிறகு சில்லுகளுக்குக் கட்டை. பிறகுதான் கொளுக்கியைக் கழற்றுவது. அடுத்து ஜொக்கி வீலைச் சுற்றி முன்பின் மட்டம். கடைசியாக நான்கு மூலைக் கால்களையும் இறக்குவது. கட்டை வைக்காமல் கழற்றிய ஒருவரின் கேரவன் தானாகவே நடந்து போய் வேலியில் நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூலைக் கால்கள் ஆடாமல் பிடிக்கத்தான், கேரவனைத் தூக்க அல்ல. தூக்கினால் சட்டம் வளைந்து கதவு பூட்டாமல் போகும். மணலிலும் மழை மண்ணிலும் ஒவ்வொரு காலுக்கும் கீழே பலகை.

மின்சாரம்

2022இல் 13 மணி நேர மின்வெட்டுப் பார்த்த கொழும்புக்காரருக்கு இன்வேட்டரும் பற்றரியும் நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. கேரவனிலும் அதே கணக்குத்தான், வீட்டைவிடச் சின்னதாக.

12 வோல்ட், 100 அம்பியர் மணி ஈய பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். அதாவது கையில் 600 வாட் மணி. அதே அளவு லிதியம் பற்றரியில் ஆயிரத்துக்கு மேல் எடுக்கலாம், பாரமும் பாதிக்குக் குறைவு. 12 வோல்ட் கொம்பிரசர் பிரிட்ஜ் நம் வெக்கையில் நாளுக்கு 500 வாட் மணி அளவில் தின்னும். இரண்டு சிறிய மின்விசிறி இரவு முழுவதும் ஓட 300, 400. எல்இடி லைற்றும் போன் சார்ஜும் சில்லறை. ஆக ஒரு லிதியம் பற்றரியும் கூரையில் 200 வாட் சூரியப் பலகையும் இருந்தால் வெயில் காலத்தில் கவலையில்லாமல் ஓடும். மழைக்காலத்தில் மூன்றாம் நாள் யாராவது வீட்டில் பிளக்கைக் கொளுவ வேண்டிவரும். ஏசியைப் பற்றரியில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். பற்றரியின் கூட்டல் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். இது இல்லாமல் எதையும் இணைக்காதீர்கள்.

வளவு வீடுகளில் பிளக் ஒரே மாதிரி இராது. சதுரக்கால் 13 அம்பியர், வட்டக்கால் 5, 15 எல்லாம் வரும். எனவே மாற்றிகள் வேண்டும். நீட்டு வயர் 2.5 சதுர மில்லிமீற்றர் தடிப்பில், 25 மீற்றர். சுருளை முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். சுருளோடு பாவித்தால் உள்ளே சூடேறி உருகும். கேரவனுக்குள் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். பழைய வீடுகளில் எர்த் இருக்கிறதா என்று சொல்லும் மூன்று விளக்குச் சோதனைப் பிளக் ஒன்று புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும், முதலில் அதைக் குத்திப் பாருங்கள். கேரவன் முழுவதும் உலோகத் தோல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கேரவன் கிடைத்தால் அதன் வயரிங் 120 வோல்ட்டுக்கானது. நம் 230ஐக் கொடுத்தால் உள்ளே உள்ள சாமான் எல்லாம் ஒரு நொடியில் போய்விடும்.

காஸ்

மடக்குக் கூடாரத்தில் பெரும்பாலும் வெளியே வைத்துத்தான் சமைத்திருப்பீர்கள். இப்போது அடுப்பு நான்கு சுவருக்குள் வந்துவிட்டது. எல்பி காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். கேரவன் தரையில் அதற்காகவே விட்டிருக்கும் ஓட்டைகளை, பூச்சி வருகிறது என்று பாயைப் போட்டு அடைக்காதீர்கள், நுண்வலை அடியுங்கள்.

2.3 கிலோ அல்லது 5 கிலோ சிலிண்டர் போதும், 12.5 வேண்டாம். வெளியே முன் பெட்டியில், நிமிர்ந்தபடி, பட்டியால் கட்டி வையுங்கள். ஓடும்போது வால்வு பூட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை மாற்றியதும் இணைப்பில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். 2021 கடைசியில் நாடெங்கும் அடுப்பு வெடித்த செய்திகள் வந்த பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் வந்தது, இன்னும் போகவில்லை. காஸ் கசிந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்; கார்பன் மொனொக்சைட் மணி படுக்கும் தலை உயரத்தில். தீயணைப்பான் கதவுக்குப் பக்கத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் அல்ல. தீப்பிடித்த அடுப்பைத் தாண்டி யார் கை நீட்டுவது?

தண்ணீரும் கழிவறையும்

தண்ணீர் அழுத்தம் குறைக்கும் கருவியை நான் வெளிநாட்டுப் பட்டியல் பார்த்து வாங்கினேன். நம் ஊரில் பெரும்பாலும் மேல் தாங்கித் தண்ணீர். பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம்தான். எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. பயன்பட்டது மூன்று 20 லீற்றர் கேன், ஒரு 12 வோல்ட் பம்ப், குடிநீருக்கென்று விற்கும் மணமில்லாத ஹோஸ். பச்சைத் தோட்ட ஹோஸில் வந்த தண்ணீரில் தேநீர் போட்டால் ரப்பர் தேநீர்தான். குடிப்பதற்குத் தனிக் கேன் வையுங்கள். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு. கேத்தலில் படிவதுபோல் பம்பிலும் படியும்.

கழுவிய தண்ணீர் விழும் வாளியை இரவே ஊற்றிவிடுங்கள். ஒரு வாரம் வீட்டு வாசலில் நிற்கிற கேரவனின் கீழே வாளியில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து படலையைத் தட்டுவார்.

கழிவறைக்கு, கீழே இழுத்து எடுக்கும் பெட்டி வகைதான் நமக்குச் சரி. பெரிய கழிவுத் தாங்கியும் அதை ஊற்றும் நீளக் குழாயும் உள்ள அமெரிக்க வகைக்கு இங்கே ஊற்ற இடம் இல்லை. பெட்டி என்றால் தூக்கிக்கொண்டு போய் ஒரு வீட்டுக் கழிவறையில் ஊற்றலாம். ஒரு விஷயத்தை எந்தக் கையேடும் சொல்வதில்லை. 18 லீற்றர் பெட்டி இத்தனை நாள் வரும் என்பது கடதாசி பாவிப்பவர்களின் கணக்கு. நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். எங்களுக்கு ஒன்றரை நாள். இரண்டாவது பெட்டி ஒன்று வாங்கிவைத்த பிறகுதான் வீட்டில் அமைதி வந்தது.

எது வேண்டாம், எது பழையதே போதும்

கூடாரத்திலிருந்த மடக்குக் கதிரை, மேசை, கைவிளக்கு, சமையல் பாத்திரம், நுளம்பு வலை எல்லாம் அப்படியே வரட்டும். தரைவிரிப்பு வேண்டாம், நம் ஈரக்காற்றில் ஒரு மாதத்தில் பூஞ்சணம். அவண் வேண்டாம். கூரை அன்டெனா வேண்டாம். பக்கச் சாய்ப்புப் பந்தல் மட்டும் வாங்குங்கள். மழையில் சப்பாத்துக் கழற்ற ஒரு இடம் வேண்டும்.

உடவளவை, மின்னேரியா மாதிரி யானை திரியும் பக்கங்களில் மாம்பழமும் உப்பும் கேரவனுக்குள் இரவில் இருக்கக் கூடாது. யானைக்குக் கேரவனின் சுவர், நமக்குப் பிஸ்கட் பெட்டி மாதிரி.

கொழும்பில் நிறுத்திவைக்கும்போது கடற்காற்று அடிச்சட்டத்தைத் தின்னும். ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி, மழைக்காலம் முடிந்ததும் துரு தடுக்கும் பூச்சு அடியுங்கள். பற்றரியின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள். ஜன்னல் ஒன்றை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள்.

முதல் பயணத்துக்குத் தூரம் போகாதீர்கள். நாங்கள் போனது மாதம்பையில் ஒரு மச்சானின் தென்னந்தோட்டத்துக்கு, ஒரே ஒரு இரவு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் நீர்கொழும்பு வீதி காலியாக இருக்கும். தோட்டத்தில் ஆளில்லாத இடத்தில் பின்னுக்கு எடுத்துப் பழகுங்கள்: ஸ்டியரிங்கின் அடியில் கையை வைத்து, கேரவனின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை அசையுங்கள். ஒருவர் வெளியே நின்று சொல்லட்டும், நால்வர் வேண்டாம். இரவில் படுக்கும்போது எது இல்லையென்று தெரியவருகிறதோ அதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எங்கள் கொப்பியில் முதல் வரி: அலுமாரிக் கதவுக்குப் பூட்டு. வழியெல்லாம் தேயிலைப் போத்தல் உருண்டுகொண்டே வந்தது. கடுகண்ணாவையை மூன்றாவது நான்காவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.